துருவக் கடல்நீரில் மலக்குடல் பாக்டீரியாக்களின் நிலைபேறு: ஒளி, குளிர், கடற்பனி ஆகியவற்றின் பங்கு

ஆய்வுச்சுருக்கம்

மனிதக் குடலில் 37° செல்சியஸ் வெப்பத்தில் வாழப் பழகிய பாக்டீரியாக்கள், உறைநிலையை ஒட்டிய துருவக் கடல்நீரில் சேர்ந்ததும் விரைவில் மடிந்துவிடும் என்று கருதுவது இயல்பு. அண்டார்க்டிக் கடலோர ஆய்வு நிலையங்களில் நிகழ்ந்த ஆய்வுகள் இக்கருத்துக்கு மாறான முடிவுகளையே தருகின்றன. குளிர் இவ்வுயிரிகளைக் கொல்வதைவிடக் காக்கவே செய்கிறது. அவற்றை விரைந்து அழிப்பது சூரிய ஒளி. ஒளியைத் தடுப்பவை கடற்பனியும் பாசிப் பெருக்கமும் துருவ இரவும் ஆகும். ஆகவே கடல்நீரில் காணப்படும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை, நிலையத்தில் வாழும் மனிதரின் தொகையைப் பின்பற்றாமல் பருவச் சூழலைப் பின்பற்றுகிறது. கோடையில் மட்டும் மாதிரி எடுக்கும் கண்காணிப்பு முறை, மாசு மிகக் குறைவாகத் தோன்றும் காலத்தையே அளக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: துருவக் கடல், மலக் கோலிஃபார்ம், புற ஊதாக் கதிர், கடற்பனி, வளர்ப்பில் தோன்றா உயிர்நிலை, மாட்ரிட் நெறிமுறை.

முன்னுரை

அண்டார்க்டிகாவில் நிலையான குடிமக்கள் இல்லை. ஆயினும் அங்கு அமைந்துள்ள ஆய்வு நிலையங்களில் ஆண்டுதோறும் சில ஆயிரம் பேர் தங்குகின்றனர். அவர்களின் கழிவுநீரில் பெரும்பகுதி, நிலையங்கள் கடலோரத்தில் இருப்பதால், கடலைச் சென்று சேர்கிறது. 2009ஆம் ஆண்டில் கிரண்டால் முதலானோர் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, ஆண்டு முழுதும் இயங்கும் நிலையங்களில் 37 விழுக்காட்டிலும், கோடையில் மட்டும் இயங்கும் நிலையங்களில் 69 விழுக்காட்டிலும் எவ்வகைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் இல்லை. உலகின் மிகத் தூய்மையான கடல் என்று நாம் எண்ணும் நீர்ப்பரப்பில் மனிதக் குடலின் உயிரிகள் நாள்தோறும் கலக்கின்றன என்பதே இதன் பொருள்.

அவ்வாறு கலந்த உயிரிகள் எவ்வளவு காலம் உயிரோடிருக்கும், அக்காலத்தைத் தீர்மானிக்கும் சூழற்காரணிகள் எவை என்பவையே இங்கு எழும் வினாக்கள். இவற்றுக்கான விடைகள் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து கிடைத்துள்ளன. ஒன்று, அமெரிக்காவின் மக்மர்டோ நிலையம். தென் அகலாங்கு 77 பாகையை ஒட்டியது. இரண்டு, பிரித்தானியாவின் ரொதீரா நிலையம். அண்டார்க்டிக் தீவக்குறையை ஒட்டிய அடிலெய்டு தீவில் உள்ளது. மூன்று, ஆஸ்திரேலியாவின் டேவிஸ் நிலையம். கிழக்கு அண்டார்க்டிகாவின் கரையில் உள்ளது. இக்கட்டுரை முதல் இரண்டையே விரிவாக நோக்குகிறது.

சுட்டுயிரிகளும் அழிவு வீதமும்

கழிவுநீரில் உள்ள நோய்க்கிருமிகள் அனைத்தையும் தனித்தனியே தேடுவது இயலாது. எனவே மலக் கலப்பைச் சுட்டும் உயிரிகள் சிலவற்றை மட்டும் எண்ணுவது மரபு. மலக் கோலிஃபார்ம் தொகுதி, அதன் முதன்மை உறுப்பான ஈ. கோலை, என்டெரோகாக்கஸ், அகவித்து உருவாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்ஜென்ஸ் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றின் அழிவு வீதத்தைத் 'தொண்ணூறு விழுக்காட்டு அழிவுக்காலம்' என்னும் அளவால் குறிப்பர். தொடக்கத்தில் இருந்த உயிரணுக்களில் பத்தில் ஒன்று மட்டும் எஞ்சுவதற்கு ஆகும் காலம் என்பது இதன் பொருள்.

இவ்வளவின் விளைவை ஒரு கற்பிதக் கணக்கால் தெளிவுபடுத்தலாம். நூறு மில்லிலிட்டர் நீரில் பத்து இலட்சம் உயிரணுக்கள் உள்ளன என்று கொள்வோம். அழிவுக்காலம் 4 மணி நேரமாயின் ஒரு நாளில் ஆறு முறை பத்திலொன்றாகக் குறைந்து, ஒரேயோர் உயிரணு மிஞ்சும். அழிவுக்காலம் 10 நாளாயின் ஒரு மாதம் கழிந்த பின்னும் ஆயிரம் உயிரணுக்கள் எஞ்சியிருக்கும். வெயில் மிகுந்த வெப்பக் கடல்களில் இவ்வழிவுக்காலம் பெரும்பாலும் மணிக்கணக்கில் அமைகிறது. இருளும் குளிரும் சேர்ந்த நீரிலோ நாட்களாகவும் வாரங்களாகவும் நீள்கிறது. ஒரு மாதத்தில் நீரோட்டம் ஓர் உயிரணுவை எத்தனை தொலைவு கொண்டுசெல்லும் என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வேறுபாட்டின் முதன்மை விளங்கும்.

குளிரின் இருமுகம்

ஈ. கோலை ஏறத்தாழ 7° செல்சியசுக்குக் கீழ்ப் பெருகுவதில்லை. மக்மர்டோ விரிகுடாவின் நீர் ஆண்டின் பெரும்பகுதியில் –1.8° செல்சியசை ஒட்டியே இருக்கிறது. அங்கு நிலவும் உவர்மையில் கடல்நீர் உறையும் வெப்பநிலையும் ஏறத்தாழ அதுவே. ஆகவே அந்நீரில் இவ்வுயிரி பெருகுவதற்கு வாய்ப்பில்லை. ஆனால் பெருகாமை வேறு, சாதல் வேறு. குளிர்பதனப் பெட்டியில் வைத்த இட்லி மாவு புளிப்பதை நிறுத்திவிடுகிறது. வெளியே எடுத்துவைத்தால் மீண்டும் புளிக்கிறது. மாவிலுள்ள நுண்ணுயிரிகள் இடையில் செத்துப் போகவில்லை.

குளிரில் உயிரணுச் சவ்வின் கொழுப்பு இறுகுகிறது. ஊட்டப் பொருள்களை உள்ளிழுக்கும் புரதங்கள் தொய்வடைகின்றன. நொதிகளின் வேலை மந்தமாகிறது. இவை உயிரணுவுக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதே மந்தநிலை உயிரணுவின் செலவையும் குறைத்துவிடுகிறது. சேமித்த ஆற்றல் விரைவில் தீர்வதில்லை. பாக்டீரியாக்களை இரையாக்கும் ஓரணு விலங்குகளின் வேட்டையும் குளிரில் தளர்கிறது. வெப்பக் கடலில் மலக்குடல் பாக்டீரியாக்களைக் குறைப்பதில் இவ்வேட்டைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதால் இத்தளர்ச்சியைச் சிறிதென்று தள்ள முடியாது.

குளிர் காக்கும் ஆற்றலுக்கு நிலத்திலும் ஒரு சான்று உண்டு. 1960களின் தொடக்கத்தில் மேயர், மாரோ, வைஸ் ஆகிய மூவரும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அண்டார்க்டிகா சென்ற பயணக்குழுக்கள் விட்டுச்சென்ற மலத்திலிருந்தும் உணவுப் பொருள்களிலிருந்தும் உயிருள்ள நுண்ணுயிரிகளைப் பிரித்தெடுத்தனர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்த பின் கிடைத்த முடிவு இது. உறைந்த நிலத்துக்கும் உறையாத கடல்நீருக்கும் வேறுபாடு பெரிது; ஆகவே இதனைக் கடலுக்கு அப்படியே பொருத்தலாகாது. குளிரை மட்டுமே நம்பிக் கழிவை விட்டுவிட முடியாது என்பதற்கு இது போதிய எச்சரிக்கை.

ஒளியின் அழிவாற்றல்

கடல்நீரில் கோலிஃபார்ம் பாக்டீரியாக்களின் அழிவுக்குப் பகலொளியே முதன்மைக் காரணம் என்பதை கேம்சன், சாக்சன் ஆகியோர் 1967இல் இங்கிலாந்துக் கடல்நீரில் நிகழ்த்திய ஆய்வால் காட்டினர். துருவப் பகுதிக்கும் இது பொருந்துகிறது. அங்கு இதன் முதன்மை இன்னும் கூடுதல் என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் பிற காரணிகளெல்லாம் குளிரால் தளர்ந்துவிட்ட நிலையில் ஒளி ஒன்றே தளராமல் நிற்கிறது.

இதன் காரணத்தைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதா-பி கதிர்கள் டி.என்.ஏ. மூலக்கூற்றால் நேரடியாக உறிஞ்சப்படுகின்றன. அடுத்தடுத்துள்ள இரு பிரிமிடின் காரங்கள் ஒன்றோடொன்று பிணைந்து இரட்டையாகின்றன. பிணைந்த இடத்தில் மரபுச் செய்தியைப் படியெடுக்கும் நொதி தடைபட்டு நிற்கிறது. 315 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதா-ஏ கதிர்கள் வேறு வழியில் செயற்படுகின்றன. உயிரணுவுக்குள் இயல்பாக உள்ள நிறமிகளைக் கிளர்ச்சியுறச் செய்து, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வகைகளை அவை தோற்றுவிக்கின்றன. இவை சவ்வையும் புரதங்களையும் சிதைக்கின்றன.

இச்சிதைவுகளை உயிரணு பழுதுபார்க்க வல்லது. ஃபோட்டோலையேஸ் என்னும் நொதி, நீல ஒளியின் ஆற்றலைக் கொண்டே பிரிமிடின் பிணைப்பைப் பிரித்துவிடுகிறது. இருளில் நிகழும் வேறு பழுதுநீக்க முறைகளும் உண்டு. ஆனால் இவையெல்லாம் நொதிவினைகள். குளிரில் மெதுவாகவே நடப்பவை. ஒளியால் நேரும் மூலக்கூற்றுச் சிதைவோ வெப்பநிலையை அவ்வளவாகச் சார்ந்ததன்று. சிதைவு அதே வேகத்தில் நிகழ, பழுதுநீக்கம் மட்டும் பின்தங்குகிறது. குளிரைக் காவலன் என்று மேலே கூறினோம். ஒளி இருக்கும் இடத்தில் அதே குளிர் பாக்டீரியாவுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. துருவக் கடல்நீரில் குளிர், ஒளி ஆகிய காரணிகளைத் தனித்தனியே பட்டியலிட்டு மதிப்பிடும் போக்கு போதாது என்று யான் கருதுவதற்கு இதுவே காரணம்.

ஓசோன் படலத்தின் தேய்வு இங்குக் கருத்தக்கது. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகியோர் 1985இல் வெளிப்படுத்திய இத்தேய்வு ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான துருவ இளவேனிலில் மிகுகிறது. அக்காலத்தில் புற ஊதா-பி கதிர்வீச்சு உயர்வதால் கழிவுநீர்ப் பாக்டீரியாக்களும் விரைந்து அழியும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் கரையோரத்தில் கடற்பனி இன்னும் விலகாத இடங்களில் அக்கதிர்கள் பாக்டீரியாக்களைச் சென்றடைவதே அரிது. பனி விலகிய இடங்களிலும் இதனைச் சுற்றுச்சூழலுக்குக் கிடைத்த நன்மையாகக் கொள்ள இயலாது. அயலான பாக்டீரியாவைத் தாக்கும் கதிர், அக்கடலுக்கே உரிய மிதவை உயிரிகளையும் தாக்குகிறது.

உவர்மையும் பட்டினியும்

கடல்நீரின் உவர்மை ஆயிரத்துக்கு ஏறத்தாழ 34.5 பங்கு. குடலிலிருந்து அந்நீருக்கு வரும் உயிரணுவிலிருந்து சவ்வூடு பரவலால் நீர் வெளியேறுகிறது. கிளைசின் பீட்டைன், புரோலின் முதலான பொருள்களை உள்ளே சேர்த்துக்கொண்டு உயிரணு இதனை ஈடுசெய்ய முயல்கிறது. அவற்றை உள்ளிழுக்கும் புரதங்களின் வேலையைக் குளிர் குறைப்பதால் இம்முயற்சியும் மெலிகிறது. கடலில் கிடைக்கும் கரிமப் பொருள் குடலில் கிடைப்பதோடு ஒப்பிடத் தக்கதன்று. எனவே பட்டினியும் சேர்கிறது. எனினும் இவ்விரு காரணிகளும் தனித்து விரைந்து கொல்வனவல்ல. ஒளியால் காயமுற்ற உயிரணுவின் மீட்சியைத் தடுப்பதே இவற்றின் பெரும்பணி.

கடற்பனி உருவாகும்போது உப்பு பனிப்படிகத்துக்குள் சேராமல் நுண்ணிய உவர்நீர்க் குழாய்களில் ஒதுங்குகிறது. பனியின் வெப்பநிலை –10° செல்சியசாகும்போது அக்குழாய்நீரின் உவர்மை கடல்நீரினதைப் போல் நான்கு மடங்கைத் தாண்டுகிறது. பனியில் சிறைப்படும் மலக்குடல் பாக்டீரியாவுக்கு அது கடுஞ்சூழல். அதற்குக் கீழேயுள்ள நீரில் இருப்பவற்றின் நிலை வேறு. அதனைப் பின்வரும் பகுதி காட்டும்.

ரொதீரா: 1999ஆம் ஆண்டின் பிப்ரவரியும் செப்டம்பரும்

இக்காரணிகள் யாவும் களத்தில் எவ்வாறு கூடிச் செயற்படுகின்றன என்பதற்குப் பிரித்தானிய அண்டார்க்டிக் ஆய்வகத்தைச் சேர்ந்த கெவின் ஹியூஸ், ரொதீரா நிலையத்தைச் சூழ்ந்த கடலில் மேற்கொண்டு 2003இல் வெளியிட்ட ஆய்வு தலைசிறந்த சான்று. 1999 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை, அதாவது கோடையின் இறுதி தொடங்கிக் குளிர்காலத்தின் இறுதிவரை, மலக் கோலிஃபார்ம்களின் பரவலை அவர் அளந்தார். அப்போது அந்நிலையத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலை இல்லை.

ரொதீராவில் கோடையில் நூறு பேருக்கு மேல் தங்குவர். குளிர்காலத்தில் இருபது பேரளவில் எஞ்சுவர். கழிவின் அளவும் அதற்கேற்ப மாறும். எனவே பாக்டீரியாக்கள் கோடையில் மிகுந்தும் குளிர்காலத்தில் குறைந்தும் இருக்கும் என்பதே எவரும் முதலில் எண்ணுவது. அளவீடு இதற்கு நேர்மாறாக அமைந்தது. மனிதர் மிகுந்திருந்த பிப்ரவரியில் எண்ணிக்கை குறைவு. நெடிய பகற்பொழுதும் பனியற்ற நீர்ப்பரப்பும் ஒளியின் அழிவாற்றலுக்கு இடமளித்ததே இதற்குக் காரணமாகலாம் என்பது ஹியூஸின் விளக்கம். அக்கோடையிலும் பாசிப் பெருக்கம் நீருக்குள் ஒளி புகுவதை ஓரளவு தடுத்தது. வெயில் இருந்தும் நிழல் இருந்தது எனலாம்.

ஏப்ரலில் எண்ணிக்கை உயர்ந்தது. ஒளி குறைந்துவிட்டது என்பது ஒரு காரணம். இடம்பெயர்ந்து அப்பகுதிக்கு வந்த விலங்குகளின் மலம் மற்றொரு காரணம். செப்டம்பரில் விலங்குகளின் பங்கு பின்தள்ளப்பட்டு, கழிவுநீர்க் குழாயின் வாயை ஒட்டிய நீரில் எண்ணிக்கை உயர்ந்து காணப்பட்டது. அங்குக் கடற்பனி இருவகையில் செயற்பட்டது. ஒளியை மறைத்தது ஒன்று. காற்று நீரைக் கலக்காதவாறு மூடியாக நின்றது மற்றொன்று. கழிவு குறைவாக இருந்தும், கலைந்து போகாமல் வாயருகே தேங்கியது.

இவ்விடத்தில் ஓர் இயற்பியல் உண்மையையும் சேர்த்து நோக்கலாம். கழிவுநீர் கடல்நீரைவிட உப்புக் குறைந்தது, வெப்பம் மிகுந்தது. ஆகவே அடர்த்தி குறைந்தது. கடலின் அடியில் விடப்பட்டாலும் அது மேலெழும் இயல்புடையது. கோடையில் மேற்பரப்பு என்பது ஒளி மிகுந்த அடுக்கு. குளிர்காலத்தில் அதே மேற்பரப்பு பனியின் அடிப்புறம். கழிவுநீரின் ஒரே இயல்பு, ஒரு பருவத்தில் பாக்டீரியாவை அதன் அழிவுக்கும் மறு பருவத்தில் அதன் புகலிடத்துக்கும் கொண்டுசேர்க்கிறது.

வளர்ப்புத் தட்டில் தோன்றாதவை

மேற்கூறிய எண்ணிக்கைகள் அனைத்தும் வளர்ப்புத் தட்டில் தோன்றிய காலனிகளைக் கொண்டு கணிக்கப்பட்டவை. இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மலக் கோலிஃபார்ம்களைத் தேர்ந்தெடுக்கும் ஊடகங்களில் பிற பாக்டீரியாக்களைத் தடுக்கப் பித்த உப்பு போன்ற பொருள்கள் சேர்க்கப்படுகின்றன, தட்டுகள் 44.5° செல்சியசில் வைக்கப்படுகின்றன. நலமான ஈ. கோலைக்கு இவை தடையல்ல. ஆனால் –1.8° செல்சியஸ் நீரில் வாரக்கணக்கில் கிடந்து சவ்வு காயமுற்ற உயிரணுவை ஒரேயடியாகப் பித்த உப்பிலும் 44.5 பாகை வெப்பத்திலும் இட்டால், அது காலனி அமைக்காமற் போவதில் வியப்பில்லை. நாமோ அதனை இறந்தது என்று கணக்கெழுதுகிறோம்.

இத்தகைய உயிரணுக்களின் நிலையைக் கடல்நீரில் ஈ. கோலை, காலரா உயிரி ஆகியவற்றைக் கொண்டு 1982இல் ரீட்டா கோல்வெல் குழுவினர் எடுத்துக்காட்டினர். உயிர் உண்டு, வளர்ப்பில் தோன்றுவதில்லை. இதனைத் தமிழில் 'வளர்ப்பில் தோன்றா உயிர்நிலை' என்று இக்கட்டுரை வழங்குகிறது. 'உறக்கநிலை' என்னும் சொல்லும் எண்ணத்தக்கதாயினும், அகவித்துகளின் உறக்கத்தோடு குழப்பம் நேரும் என்பதால் அது தவிர்க்கப்பட்டது.

துருவக் கடலில் இந்நிலையை நேரடியாக ஆராய்ந்தவர்கள் ஸ்மித், ஹோவிங்டன், மக்ஃபீட்டர்ஸ் ஆகியோர். 1994இல் வெளிவந்த அவர்களின் ஆய்வில் ஈ. கோலை, என்டெரோகாக்கஸ் ஃபீக்காலிஸ், சால்மொனெல்லா டைஃபிமூரியம், யெர்சினியா என்டெரோகோலிட்டிக்கா ஆகிய நான்கும், நீரை மட்டும் உட்புகவிடும் சவ்வுச் சுவருள்ள கலங்களில் அடைக்கப்பட்டு, மக்மர்டோவின் –1.8° செல்சியஸ் கடல்நீரில் 54 முதல் 56 நாட்கள் வைக்கப்பட்டன. தட்டு எண்ணிக்கையோடு நேரடி உயிர்ப்பு எண்ணிக்கை முறையும் கையாளப்பட்டது. இம்முறையில் உயிரணுவுக்கு ஊட்டத்தோடு, பிரிவதைத் தடுக்கும் நாலிடிக்சிக் அமிலமும் தரப்படும். உயிருள்ளவை பிரிய இயலாமல் நீண்டு வளரும். நுண்ணோக்கியில் அவற்றை எண்ணலாம். தட்டுகள் காட்டியதைவிடக் கூடுதலான உயிரணுக்கள் உயிரோடிருப்பதை நேரடி முறைகள் காட்டின. எந்த அளவுக்கு என்பது இனத்துக்கு இனம் வேறுபட்டது.

சவ்வுக் கலங்களுக்குள் வேட்டையாடும் ஓரணு விலங்குகள் நுழைய முடியாது என்பதால், திறந்த கடலில் இழப்பு இதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று கொள்ளல் வேண்டும். ஆயினும், நோய்க்கிருமிகள் இரு மாத இறுதியிலும் எஞ்சியிருக்கக்கூடும் என்ற முடிவு மக்மர்டோவுக்கு வெறும் அறிவுத்துறைச் செய்தியன்று. அந்நிலையம் பல பத்தாண்டுகள் சுத்திகரிக்காத கழிவுநீரைக் கடலில் விட்டது. குடிநீருக்கான கடல்நீரையும் அதே கரையிலிருந்து எடுத்தது. கோலிஃபார்ம், கிளாஸ்ட்ரிடியம் ஆகியவற்றின் பரவலைக் கொண்டு வரையறுத்த மாசுப் பகுதிக்குள் குடிநீர் உள்வாங்கு குழாயும் அடங்கியிருந்தது. 2003இல் அங்குச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. ரொதீராவிலும் அதே ஆண்டில் ஆலை அமைந்தது. அதன்பின் கடல்நீரில் மலக் கோலிஃபார்ம்கள் குறைந்ததை ஹியூஸ் பதிவுசெய்துள்ளார்.

மனிதர் விட்டதா, சீல்கள் விட்டதா

ரொதீராவின் ஏப்ரல் மாத உயர்வு ஒரு கருத்துச் சிக்கலையும் எழுப்புகிறது. சீல் முதலான வெப்பக் குருதி விலங்குகளின் குடலிலும் கோலிஃபார்ம்கள் வாழ்கின்றன. வளர்ப்புத் தட்டு இவற்றை மனிதக் கழிவிலிருந்து பிரித்துக் காட்டாது. துருவக் கடலில் கோலிஃபார்ம் கிடைத்தது என்பதாலேயே நிலையத்தைக் குற்றஞ்சாட்டலாகாது. இயற்கையிலேயே அவை உள்ளன என்று கூறி நிலையத்தை விடுவிக்கவும் ஆகாது.

இச்சிக்கலுக்கு மரபணு வழி விடை தந்தது டேவிஸ் நிலையம். அங்குச் சுத்திகரிப்பு ஆலை 2005இல் செயலிழந்த பின் கழிவுநீர் அரைக்கப்பட்டு மட்டுமே கடலில் விடப்பட்டது. பவர் முதலானோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, மனிதரிடமிருந்து வந்த ஈ. கோலையில் முதல்வகை இன்டெக்ரான் என்னும் மரபணுக் கூறுகளைக் கண்டது. உயிரெதிரி மருந்துகளுக்கு எதிர்ப்புத் தரும் மரபணுக்களைத் திரட்டிவைக்கும் கூறுகள் இவை. நீரை வடித்துண்ணும் லட்டெர்னுலா எலிப்டிக்கா என்னும் சிப்பியிலும் இவ்வகை பாக்டீரியாக்கள் கிடைத்தன. நீரில் சில வாரங்களே வாழும் உயிரியானாலும், அதற்குள் சிப்பியின் உடலை அடைந்து, தன் மரபணுக்களை அங்குள்ள வேறு பாக்டீரியாக்களுக்கு வழங்க வாய்ப்புப் பெறுகிறது. இதனை அறிந்தபின் நிலைபேற்றுக் காலத்தை ஒரு பாக்டீரியாவின் ஆயுளாக மட்டும் கருத முடிவதில்லை.

வடதுருவத்தில் இதன் விளைவு மனிதரை நேரடியாகத் தொடுகிறது. கிரீன்லாந்தின் குடியிருப்புகள் பெரும்பாலும் சுத்திகரிக்காத கழிவையே கடலில் விடுகின்றன. அம்மக்கள் மீனையும் சீலையும் அதே கடலிலிருந்து உணவாகப் பெறுகின்றனர்.

நெறிமுறையும் பருவமும்

அண்டார்க்டிக் உடன்படிக்கையின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நெறிமுறை 1991இல் மாட்ரிடில் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்தது. அதன் மூன்றாம் இணைப்பு, கழிவுநீரைக் கடலில் விட இசைகிறது. தொடக்கத்திலேயே நீர்த்துப்போகவும் விரைவில் கலைந்துபோகவும் ஏற்ற இடத்தில், இயன்றவரை, விடவேண்டும் என்பது ஒரு நிபந்தனை. கோடையில் வாரச் சராசரியாக ஏறத்தாழ 30 பேர் அல்லது அதற்கு மேல் தங்கும் நிலையமாயின், கழிவைக் குறைந்தது அரைத்தேனும் விடவேண்டும் என்பது மற்றொன்று.

அரைத்தல் கண்ணுக்குத் தெரியும் கழிவை மறைக்கும்; பாக்டீரியாவைக் கொல்லாது. நீர்த்தலும் கலைதலும் குறித்த நிபந்தனை பனியற்ற கோடைக் கடலில் நிறைவேறும். பனி மூடிய செப்டம்பரில் நிறைவேறாது என்பதை ரொதீரா காட்டிவிட்டது. ஆள்தொகை வரம்பும் கோடைக்குரியதே. நெறிமுறை வகுத்தோர் கோடைக் கடலை மனத்திற்கொண்டே இவ்விதிகளை எழுதினர் என்று தோன்றுகிறது. கண்காணிப்பும் இதே குறையுடையது. கப்பல்களும் ஆய்வாளரும் வருவது கோடையில். மாதிரி எடுப்பதும் கோடையில். ஒளி தன் வேலையைச் செய்து முடித்த நீரில் மாதிரி எடுத்து, 'மாசு குறைவு' என்று அறிக்கை எழுதுவது எளிது. அவ்வறிக்கை பொய்யன்று, ஆண்டின் ஒரு பகுதிக்கு மட்டும் பொருந்தும் மெய்.

இந்தியாவின் மைத்ரி நிலையம் கடலிலிருந்து உள்தள்ளிய ஷிர்மாக்கர் பாலைச்சோலையில் இருப்பதால் இச்சிக்கல் அதற்கு நேரடியாகப் பொருந்தாது. 2012இல் தொடங்கிய பாரதி நிலையம் லார்ஸ்மன் குன்றுகளில், கடலையொட்டி அமைந்துள்ளது. குளிர்காலத்தில் கரையைக் கடற்பனி சூழும் இடம் அது. 2022ஆம் ஆண்டின் இந்திய அண்டார்க்டிக் சட்டம் கழிவு மேலாண்மையை நாட்டுச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்துள்ள இந்நிலையில், குளிர்கால அளவீட்டுக்கான நடைமுறை ஒன்றை வகுப்பது தேவை. இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பனியில் துளையிட்டு, வெளியேற்று வாயருகிலும் அதிலிருந்து வெவ்வேறு தொலைவுகளிலும், பனியின் அடிப்புறத்தை ஒட்டிய நீரை மாதந்தோறும் எடுக்க வேண்டும். மாதிரியை ஆய்வகம் சேரும்வரை ஒளிபடாமலும் உறையாமலும் காக்க வேண்டும். சவ்வு வடிதாளில் பிடித்த பாக்டீரியாக்களைத் தேர்வு ஊடகத்தில் இடும்முன், தடைப்பொருள் இல்லாத ஊடகத்தில் மிதமான வெப்பத்தில் சில மணி நேரம் வைத்துக் காயம் ஆறவிட வேண்டும். நேரடி எண்ணிக்கைக்காக ஒரு பகுதியைத் தனியே பதப்படுத்தித் தாயகத்துக்கு அனுப்பலாம். நீருக்குள் எட்டும் ஒளியின் அளவையும் பனியின் தடிப்பையும் அதே நாளில் குறித்துவைத்தல் இன்றியமையாதது. அவ்விரண்டும் இல்லாத பாக்டீரியா எண்ணிக்கையை மற்றொரு மாதத்தின் எண்ணிக்கையோடு ஒப்பிட வழியில்லை.